கயிறு அறுந்தால் கிளைடர் விழுமா?

கிளைடர் விபத்து என்று செய்தி வரும்போதெல்லாம் படிக்கிறவர்களுக்கு இரண்டு சந்தேகம் வருகிறது. எஞ்சினே இல்லாத விமானம் முதலில் எப்படி மேலே போனது என்பது ஒன்று. சரியாக மேலே போவதற்குள்ளேயே எப்படி விழுந்தது என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்குச் செய்தியில் வழக்கமாக ஒரு வரிதான் இருக்கும்: "இழுத்த கயிறு அறுந்துவிட்டது", இல்லாவிட்டால் "கட்டுப்பாட்டை இழந்தது". கட்டுப்பாட்டை இழந்தது என்பது விளக்கமே இல்லை, கீழே விழுந்த எல்லாமே கட்டுப்பாட்டை இழந்ததுதான். கயிறு அறுந்தது என்பதும் பெரும்பாலும் பாதிக் கதை. கிளைடர் ஓட்டப் பழகும் ஒருவரைத் தனியாகப் பறக்க விடுவதற்கு முன்னால், பயிற்சியாளர் வேண்டுமென்றே நடுவழியில் கயிற்றைக் கழற்றிவிட்டு, அதிலிருந்து பத்திரமாக இறங்கப் பழக்குகிறார். உலகம் முழுக்க கிளைடர் மைதானங்களில் கயிறு அறுவதும் இறங்கி வந்து மறுபடி கிளம்புவதும் வாடிக்கை. அப்படியிருக்க, சில தடவை மட்டும் ஏன் உயிர் போகிறது?

அதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வருவோம்.

கிளைடர் கிளம்பும் மூன்று வழி

1. வின்ச். மைதானத்தின் ஒரு கோடியில் பெரிய எஞ்சின் பொருத்திய உருளை, மறு கோடியில் கிளைடர். நடுவில் ஏறக்குறைய 1000 மீட்டர் நீளத்துக்கு எஃகுக் கம்பியோ, அதைவிட லேசான செயற்கை இழைக் கயிறோ கிடக்கும். வின்ச் ஆபரேட்டர் உருளையைச் சுழற்றினால் கயிறு சுருண்டுகொண்டே போகும், கிளைடர் காற்றாடி மாதிரி மேலே ஏறும். முக்கால் நிமிடத்துக்குள் 350, 400 மீட்டர் உயரம் கிடைத்துவிடும். புனே ஹடப்சரில் இருக்கும் கிளைடிங் மையத்தில் பல ஆண்டுகளாகப் பார்க்கக் கிடைத்த காட்சி இதுதான்.

2. இழுவை விமானம். சிறிய எஞ்சின் விமானம் ஒன்று 40 முதல் 60 மீட்டர் கயிற்றில் கிளைடரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், வேண்டிய உயரத்தில் விட்டுவிட்டு வரும்.

3. சொந்த எஞ்சின். இது மோட்டார் கிளைடர். தானே கிளம்பி, மேலே போனதும் எஞ்சினை நிறுத்திவிட்டு மிதக்கும். நம் ஊர்ச் செய்திகளில் கிளைடர் என்று மட்டும் எழுதப்படுபவை பல நேரம் இந்த வகைதான். 2020 அக்டோபர் 4 காலையில் கொச்சி ஐஎன்எஸ் கருடா தளத்திலிருந்து கிளம்பி, தோப்பும்படி பாலத்தருகே விழுந்து கடற்படையினர் இருவர் இறந்தது மோட்டார் கிளைடர். 2023 மார்ச்சில் ஜார்க்கண்டின் தன்பாத்தில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு வீட்டின் மேல் மோதியதில் பைலட்டும் 14 வயதுச் சிறுவனும் காயமடைந்த செய்தியும் நினைவிருக்கலாம்.

மூன்றிலும் விபத்து நடக்கும் விதம் வேறு. ஆனால் அடியில் ஓடும் இயற்பியல் ஒன்றே. கிளைடர் கிளம்பும்போது உயரமும் இல்லை, நேரமும் இல்லை, கையில் இருப்பது வேகம் மட்டும். அந்த வேகம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதுதான் விஷயமே.

ஸ்டால்: இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது

கார் நடுவழியில் எஞ்சின் அணைந்து நிற்பதையும் ஸ்டால் என்கிறோம், விமானத்தில் ஸ்டால் என்பது அது இல்லை. இங்கே எஞ்சினுக்குச் சம்பந்தமே கிடையாது. இறக்கைமேல் காற்று ஒட்டி வழிந்து ஓடும்வரைதான் அது விமானத்தைத் தூக்கும். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி, வருகிற காற்றுக்கு இறக்கையை ரொம்பச் சாய்வாகக் காட்டினால், மேல்பரப்பில் ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு கலைந்துவிடும். தூக்குவிசை சட்டென்று விழும். அது ஸ்டால். இரண்டு இறக்கையும் ஒரே நொடியில் ஸ்டால் ஆகாமல் ஒன்று முந்திக்கொண்டால், அந்தப் பக்கம் சரிந்து விமானம் சுழன்றுகொண்டே இறங்கும். அது ஸ்பின்.

ஒவ்வொரு கிளைடருக்கும் ஸ்டால் வேகம் என்று ஒன்று சொல்வார்கள். பயிற்சிக்கு உலகமெங்கும் ஓடுகிற ஜெர்மன் தயாரிப்பான ஏஎஸ்கே 21 என்ற இரட்டை இருக்கைக் கிளைடருக்கு அது மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர். இந்த எண்ணில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 65 என்பது நேராக, நிதானமாகப் பறக்கும்போது. இறக்கை தூக்க வேண்டிய சுமை கூடக்கூட ஸ்டால் வேகமும் சேர்ந்து கூடும், சுமையின் வர்க்கமூலப்படி. சுமை இரட்டிப்பானால் 65 என்பது 92 ஆகிவிடும். 45 பாகை சாய்த்துத் திரும்பினால் 77. ஆக, வேகமானியில் 80 காட்டுகிறதே, 65ஐவிடக் கூடத்தானே இருக்கிறது என்று நினைப்பவர் ஏற்கெனவே ஸ்டாலுக்குள் இருக்கலாம்.

வின்ச்சில் கிளம்பும்போது இறக்கை தூக்குவது கிளைடரின் எடையை மட்டும் இல்லை. கயிறு கீழ்நோக்கி இழுக்கும் இழுப்பையும் சேர்த்துத் தூக்குகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தரையில் ஓடும் 4 நொடி

கிளைடருக்கு அடியில் நடுவில் ஒரே ஒரு பெரிய சக்கரம். நின்றால் ஒரு பக்கம் சாய்ந்து, இறக்கை நுனி புல்லில் கிடக்கும். அதனால் கிளம்பும்போது ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு சில அடி கூடவே ஓடுவார். அதற்குமேல் ஓட முடியாது, வின்ச் இழுக்கிற வேகம் அப்படி. நின்ற இடத்திலிருந்து மூன்று நான்கு நொடியில் கிளைடர் தரையைவிட்டு எழுந்துவிடும்.

அந்த ஓட்டத்தின் முதல் நொடிகளில் வேகம் போதாது. இறக்கையைச் சமன் செய்யும் எய்லரான் தட்டுகளுக்கு வலு கிடையாது. பக்கக் காற்று ஒரு தள்ளு தள்ளினாலோ, பிடித்தவர் ஒரு நொடி தாமதமாக விட்டாலோ இறக்கை சாய்ந்து நுனி புல்லில் படும். ஏஎஸ்கே 21இன் இறக்கை முனைக்கு முனை 17 மீட்டர். நுனியில் புல் பிடித்தால் அந்த உராய்வு 8.5 மீட்டர் நீள நெம்புகோலின் முனையில் வேலை செய்கிறது. மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். எதிர் இறக்கை வேகமாக வீசிக்கொண்டு வருவதால் அது மட்டும் அதிகமாகத் தூக்கும். வின்ச் ஆபரேட்டரோ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், அவர் கண்ணுக்கு இது தெரிந்து அவர் விசையைக் குறைப்பதற்குள் இழுவை தொடர்ந்துகொண்டே இருக்கும். முடிவில் கிளைடர் கைவண்டிச் சக்கரம் மாதிரி இறக்கை நுனியை ஊன்றிக் குட்டிக்கரணம் அடிக்கும்.

இதற்கான பாதுகாப்பு ரொம்ப எளிது. எளிதாக இருப்பதால்தான் தவறவும் விடுகிறார்கள். கிளம்பும் முன்பே இடது கை மஞ்சள் பிடியில் இருக்க வேண்டும். மஞ்சள் என்பது எல்லாக் கிளைடரிலும் கயிற்றை விடுவிக்கும் பிடி. நீலம் ஏர்பிரேக், அதாவது இறக்கையில் எழுந்து நின்று வேகத்தையும் தூக்குவிசையையும் குறைக்கும் தட்டு. பச்சை டிரிம், ஸ்டிக்கை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கத் தேவையில்லாமல் செய்வது. சிவப்பு அவசரத்தில் கண்ணாடிக் கூரையைக் கழற்றி எறிய. இறக்கையைச் சமமாக வைக்க முடியவில்லை என்று தோன்றினால், நுனி தரையைத் தொடுவதற்கு முன்னாலேயே மஞ்சளை இழுத்துவிட வேண்டும். கையை மடியில் வைத்திருந்து, சாய்வதைப் பார்த்து, பிடியைத் தேடி எடுக்கப் போனால் ஒரு நொடி போகும். மொத்த ஓட்டமே நான்கு நொடிதானே. "சமாளித்துவிடலாம்" என்று ஸ்டிக்கோடு, அதாவது கிளைடரைச் செலுத்தும் கைத்தண்டோடு, மல்லுக்கட்டுவது இன்னொரு வகைத் தாமதம், அதில் அனுபவசாலிகள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

மூக்கைத் தூக்கும் அந்த 5 நொடி

தரையைவிட்டு எழுந்ததும் கிளைடர் உடனே செங்குத்தாக ஏறாது. கிடைமட்டத்திலிருந்து படிப்படியாக மூக்கைத் தூக்கி 35 பாகை, அதற்கு மேல் என்று ஏற்றத்துக்குப் போகும். இந்த மாற்றத்துக்குக் குறைந்தது 5 நொடியாவது எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பழக்குகிறார்கள். ஏன்?

பெரிய எஞ்சின் வின்ச் பலமாக இழுக்கிறது, கிளைடர் இப்போதுதான் எழுந்திருக்கிறது, வேகம் 75 என்று வைத்துக்கொள்வோம். பைலட் ஸ்டிக்கைச் சட்டென்று பின்னால் இழுக்கிறார், அல்லது வின்ச் இழுக்கிற வேகத்தில் மூக்கு தானாகவே எகிறுகிறது, அவர் தடுக்கவில்லை. வளைந்து மேலே திரும்புவதற்கே கூடுதல் தூக்குவிசை வேண்டும், கயிற்றின் இழுப்பு வேறு. சுமை ஏறுகிறது, ஸ்டால் வேகம் 75ஐத் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு இறக்கை முதலில் ஸ்டால் ஆகிறது. வின்ச் இன்னும் முழு விசையில் இழுத்துக்கொண்டிருப்பதால் கிளைடர் ஒரு நொடியில் புரண்டு தலைகீழாகிறது. உயரம் 20, 30 மீட்டர். யார் ஓட்டினாலும் அங்கிருந்து மீள முடியாது.

வின்ச் விபத்துகளில் ஆக மோசமானது இதுதான். இதில் கயிறு அறுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, இன்னும் சொல்லப்போனால் வின்ச் ரொம்ப நன்றாக வேலை செய்ததாலேயே நடக்கிற விபத்து. தரையில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு "திடீரென்று மேலே பாய்ந்தது, அப்படியே கவிழ்ந்தது" என்றுதான் தெரியும், பேட்டியிலும் அப்படியே சொல்வார். கயிறு அறுந்திருக்கும் என்று கேட்பவர் முடிவு கட்டிவிடுவார்.

இந்தப் பாய்ச்சலுக்குப் பைலட்டின் கை மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. வின்ச் முடுக்கம் கூடும்போது உடல் இருக்கையோடு பின்னால் அழுந்தும். முதுகுக்குப் பின்னால் மெத்மெத்தென்ற தலையணை வைத்து உட்கார்ந்தவர் அது அமுங்கியதும் பின்னால் நழுவுகிறார், கையில் பிடித்த ஸ்டிக்கும் கூடவே வருகிறது. பெல்ட் தளர்வாக இருந்தால் இன்னும் மோசம். எடை குறைவானவர் போதிய ஈயக்கட்டி வைக்காமல் முன் இருக்கையில் உட்கார்ந்தால் எடைமையம் பின்னால் போய், மூக்கு சொன்ன பேச்சைக் கேட்காமல் எகிறும். இதெல்லாம் தரையில் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடக் கூடியவை.

சரி, கயிறு உண்மையிலேயே அறுந்தால்?

முதலில், சில நேரம் அறுவதற்கென்றே வைத்திருக்கிற துண்டு ஒன்று உண்டு. கயிற்றுக்கும் கிளைடருக்கும் நடுவில் வீக் லிங்க் என்ற சிறிய உலோகத் தகட்டை மாட்டுவார்கள். இழுவை அளவுக்கு மீறினால் இறக்கை முறிவதற்கு முன் இது அறுந்துவிடும், வீட்டில் ஃபியூஸ் போகிற மாதிரி. டோஸ்ட் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் தகடுகள்தான் பரவலாகப் புழக்கத்தில் உள்ளன, நிறத்தை வைத்து வலிமை தெரியும்: கறுப்பு 1000 டெக்காநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு டன். சிவப்பு 750, வெள்ளை 500. எந்தக் கிளைடருக்கு எந்த நிறம் என்பது அதன் கையேட்டில் இருக்கும். தவறான நிறத்தை மாட்டுவதும் விபத்துக் காரணப் பட்டியலில் ஒன்று. வலுக் குறைந்ததை மாட்டினால் காரணமே இல்லாமல் அறும். வலுக் கூடியதை மாட்டினால் அது அறுவதற்கு முன் வேறேதாவது அறுந்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கிளைடர் 45 பாகை மூக்கைத் தூக்கி மணிக்கு 100 கிலோமீட்டரில் ஏறிக்கொண்டிருக்கிறது. படீரென்று சத்தம், கயிறு போய்விட்டது. இனி இழுக்க ஆளில்லை, புவியீர்ப்பு மட்டும் பின்னால் இழுக்கிறது. 45 பாகைச் சரிவில் அது வேகத்தை நொடிக்கு 25 கிலோமீட்டர் வீதம் தின்னும், காற்றுத் தடையைச் சேர்க்காமலே. ஒன்றரை நொடியில் 100 என்பது 65க்குக் கீழே. பைலட்டுக்கு விஷயம் உறைக்கவே ஒரு நொடி ஆகும்.

அதனால் அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஸ்டிக்கைத் தயங்காமல் முன்னால் தள்ளி மூக்கைத் தொடுவானத்துக்குக் கீழே கொண்டுவருவது. அப்புறம் கயிற்றின் மிச்சம் ஏதும் தொங்கினால் மஞ்சளை இழுத்து விடுவிப்பது. இதுவரை பெரும்பாலானோர் சரியாகவே செய்துவிடுகிறார்கள். சிக்கல் இதற்கு அடுத்தது.

ஸ்டிக்கை முன்னால் தள்ளும்போது கிளைடர் மேலே எறிந்த கல் மாதிரி வளைந்து போகிறது. இறக்கைக்குச் சுமை ஏறக்குறைய இல்லை, அதனால் வேகம் 55க்கு வந்தாலும் ஸ்டால் ஆகாது. மூக்கு கீழே பார்க்கிறது, முன்னால் ஓடுபாதை தெரிகிறது, எல்லாம் சரியாகிவிட்டது போல ஒரு தோற்றம். ஆனால் வேகம் இன்னும் வரவில்லை. மூக்கை 20 பாகை கீழே வைத்தால் நொடிக்கு 12 கிலோமீட்டர் வீதம்தான் வேகம் திரும்பும். போனது நொடிக்கு 25, வருவது 12. மறுபடி 90ஐத் தொட ஏறக்குறைய 3 நொடி காத்திருக்க வேண்டும், அதற்குள் 20 மீட்டர் உயரமும் போகும். தரை ஏறிவருவதைப் பார்த்துக்கொண்டு 3 நொடி சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

காத்திருக்க முடியாதவர்கள் செய்யும் தவறுகள் மூன்று.

1. வேகம் வருவதற்குள் ஸ்டிக்கைப் பின்னால் இழுப்பது. சுமை திரும்ப வந்ததும் இறக்கை உடனே ஸ்டால் ஆகும்.

2. ஓடுபாதை தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் உடனே நீலப் பிடியை இழுத்து ஏர்பிரேக்கைத் திறப்பது. இருக்கிற கொஞ்ச வேகமும் தூக்குவிசையும் போய்விடும்.

3. நேரே இறங்க இடம் இருந்தும், கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போக நினைத்து வளைப்பது. குறைந்த வேகத்தில் வளைத்தால் ஸ்பின். கயிறு அறுந்து செத்தார் என்று எழுதப்படுகிற விபத்துகளில் இது அடிக்கடி மறைந்து கிடக்கும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஸ்டிக்கைத் தள்ளும்போது வயிற்றில் ராட்டினத்தில் இறங்குகிற மாதிரி ஒரு வெறுமை வரும். சிலருக்கு அது ஸ்டால் ஆகிவிட்டது என்ற பீதியைக் கொடுக்கும், அவர்கள் இன்னும் முன்னால் தள்ளி, மூக்கு செங்குத்தாக நிற்க, அப்படியே தரையில் போய்க் குத்துவார்கள். பயிற்சியில் அந்த உணர்வைத் தனியாகப் பழக்கப்படுத்தினால் இது குறையும்.

சத்தத்தோடு அறுகிற கயிறைவிட மோசமானது, வின்ச் எஞ்சின் மெல்ல மெல்லத் தளர்வது. சத்தம் கிடையாது. கயிறு கொக்கியில்தான் இருக்கிறது. வேகம் மட்டும் 100, 95, 88 என்று இறங்கும். பைலட்டின் கை தன்னை அறியாமல் ஸ்டிக்கை இன்னும் பின்னால் இழுத்து ஏற்றத்தைக் காப்பாற்றப் பார்க்கும். கண் வேகமானியில் இல்லையென்றால் ஸ்டால் வந்துதான் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் கிளைடிங் சங்கம் 2005இல் வின்ச் விபத்துகளைக் குறைக்கத் தனி முயற்சி ஒன்றைத் தொடங்கியது. புதுக் கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதே வின்ச், அதே கிளைடர். மஞ்சள் பிடியில் கை, மெதுவாக மூக்கைத் தூக்குவது, அறுந்தால் வேகம் வரும்வரை வளைக்காமல் பிரேக் போடாமல் இருப்பது, இவற்றைத்தான் மறுபடி மறுபடி ஓட்டுநர் மண்டையில் ஏற்றினார்கள். உயிரிழப்பும் பலத்த காயமும் கண்கூடாகக் குறைந்தன. காரணம் கயிற்றில் இருந்திருந்தால் இப்படிக் குறைந்திருக்காது.

இழுவை விமானத்தில்: ஆபத்து முன்னால் இருப்பவருக்கு

இங்கே வேகம் நிதானமாக ஏறும், செங்குத்து ஏற்றம் இல்லை. கிளைடர் இழுவை விமானத்துக்கு முன்பே தரையைவிட்டு எழுந்துவிடும், எழுந்தபின் சில மீட்டர் உயரத்திலேயே காத்திருக்க வேண்டும்.

காத்திருக்காமல் மேலே போனால் என்ன ஆகும்? கயிறு இழுவை விமானத்தின் வாலில் கட்டியிருக்கிறது. கிளைடர் பின்னால் உயர எகிறினால் கயிறு அந்த வாலை மேலே தூக்கும், இழுவை விமானத்தின் மூக்கு தரையைப் பார்க்கும். இது இரண்டு மூன்று நொடிக்குள் முடிந்துவிடும், இழுவை விமானி கயிற்றைக் கழற்ற நினைப்பதற்குள். கிளைடர்காரர் பெரும்பாலும் தப்பிவிடுவார், முன்னால் இருந்தவர்தான் போவார். குறிப்பாக, மூக்கில் கொக்கி இல்லாமல் வின்ச்சுக்கான வயிற்றுக் கொக்கியில் கட்டி இழுக்கும்போது கிளைடர் எகிறுவதற்கு வாய்ப்பு அதிகம். வயிற்றுக் கொக்கி எடைமையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் மூக்கைக் கீழே பிடித்துவைக்க எதுவும் இல்லை. பழைய வகைக் கொக்கிகள் சில, கயிறு பலமாக மேல்நோக்கி இழுபடும்போது விடவே விடாது என்பது இன்னொரு தலைவலி.

இழுவையில் அதிகம் பேசப்படாத ஒரு விபத்து வகை இருக்கிறது, சைகைக் குழப்பம். கிளைடரின் ஏர்பிரேக்கைப் பூட்டாமல் கிளம்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் அது மூடித்தான் தெரியும், மேலே போனதும் காற்று உறிஞ்சித் திறந்துவிடும். இழுவை விமானம் ஏற முடியாமல் திணறுகிறது. முன்னால் இருப்பவர் தன் வாலிலுள்ள திசைத்தட்டை இடதும் வலதுமாக ஆட்டுகிறார். அதற்கு அர்த்தம் "உன் பிரேக்கைப் பார்". ஆனால் அவர் இறக்கையை ஆட்டினால் அர்த்தம் வேறு, "உடனே கயிற்றை விடு". பதற்றத்தில் இருக்கும் கிளைடர் பைலட் முதலாவதை இரண்டாவதாக எடுத்துக்கொண்டு, பிரேக் திறந்திருப்பது தெரியாமலேயே தாழ்வான உயரத்தில் கயிற்றை விட்டுவிடுகிறார். இப்போது இழுவையும் இல்லை, மிதக்கும் திறனும் இல்லை, கீழே மரமும் வீடும். நீலப் பிடியை முன்னால் தள்ளிப் பூட்டியிருந்தால் எதுவும் நடந்திருக்காது.

கிளம்புவதற்கு முன்பே நடந்துமுடிந்த விபத்து

பல கிளைடர்களை அடிக்கடி கழற்றி மாட்டுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நீண்ட டிரெய்லரில் இறக்கையைத் தனியாக, மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டைத் தனியாக வைத்து இழுத்துவந்து மைதானத்தில் பொருத்துவார்கள். மாட்டும்போது ஸ்டிக்கிலிருந்து போகும் தண்டுகளை வால் தட்டோடும் எய்லரானோடும் இணைக்க வேண்டும். புதிய வகைகளில் இறக்கையைச் செருகினாலே தானாக இணையும். பழையவற்றில் கையால் மாட்டி, பூட்டி, பின் குத்த வேண்டும்.

யாரோ பேச்சுக் கொடுக்கிறார்கள், கைபேசி அடிக்கிறது, பாதியில் விட்ட வேலை முடிந்ததாக மனம் நினைத்துக்கொள்கிறது. வால் தட்டு இணையாமலே கிளைடர் வரிசையில் போய் நிற்கிறது. ஸ்டிக்கை அசைத்துப் பார்த்தால் லேசாக, சுகமாக அசையும், அதனால் சந்தேகமும் வராது. இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, ஒருவர் வெளியே நின்று தட்டைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, உள்ளே இருப்பவர் ஸ்டிக்கை அழுத்திப் பார்ப்பது. எதிர்ப்பு தெரிந்தால் இணைந்திருக்கிறது. இரண்டு பேர், ஒரு நிமிட வேலை.

பாகத்திலேயே குறை இருந்தால் இந்தச் சோதனையும் கைகொடுக்காது. 1943 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், போருக்காகச் செய்த வாகோ கிளைடர் ஒன்றில் நகர மேயர் உட்படப் பத்துப் பேர் ஏறினார்கள், மக்கள் கூடி வேடிக்கை பார்க்க. இழுவைக் கயிற்றை விட்ட கொஞ்ச நேரத்தில் இறக்கை முறிந்து அத்தனை பேரும் இறந்தார்கள். இறக்கைத் தாங்கியை உடலோடு சேர்க்கும் ஓர் உலோகப் பாகம் இருக்க வேண்டியதைவிட மெலிதாகக் கடையப்பட்டிருந்தது. அதைச் செய்துகொடுத்த துணை ஒப்பந்த நிறுவனம் அதற்கு முன் சவப்பெட்டிச் சாமான் செய்துகொண்டிருந்தது.

மோட்டார் கிளைடர் மட்டும் கொஞ்சம் தனி

முதுகில் கம்பம் மாதிரி எழுந்து நிற்கும் எஞ்சின் உள்ள வகையில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. எஞ்சின் உயரத்தில் இருந்து தள்ளுவதால் மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். அது நின்றுபோனால் அந்த அழுத்தம் போய் மூக்கு தானாக மேலே எழும், வேகம் குறைய வேண்டாத நேரத்தில் குறையும். மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் எஞ்சினும் விசிறியும் காற்றைத் தடுப்பதால், மடக்கி வைத்திருந்தால் வெகுதூரம் மிதந்திருக்கக் கூடிய கிளைடர் அதில் பாதி தூரம்கூடப் போகாது. கிளைடர்தானே, எஞ்சின் நின்றாலும் மிதந்து வந்துவிடும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்க்கும்.

விசாரணையில் எதைத் தேடுவார்கள்

கிளைடரில் பெரிய விமானங்களைப் போலக் கறுப்புப் பெட்டி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இருந்தாலும் பலவற்றில் ஜிபிஎஸ் பதிவுக் கருவி இருக்கும், போட்டிக்காகவும் மோதல் எச்சரிக்கைக்காகவும் வைத்தது. அது சில நொடிக்கு ஒருமுறை இருப்பிடத்தையும் உயரத்தையும் எழுதி வைக்கும். அதிலிருந்து வேகம் எங்கே விழுந்தது என்று கணக்கிடலாம்.

மிச்சம் தரையில் கிடக்கும். புல்லில் இறக்கை நுனி கீறிய கோடு இருந்தால் கதை ஓட்டத்திலேயே தொடங்கியிருக்கிறது. வீக் லிங்க் அறுந்திருக்கிறதா, கயிறு வேறு இடத்தில் அறுந்திருக்கிறதா, இரண்டும் முழுசாக இருந்து கொக்கி மட்டும் திறந்திருக்கிறதா என்பது மூன்று வெவ்வேறு கதை. நீலப் பிடி எந்த நிலையில் நசுங்கியிருக்கிறது, வால் தட்டின் இணைப்பு மோதலில் உடைந்ததா அல்லது கீறல்கூட இல்லாமல் சும்மா தனியே தொங்குகிறதா, இருக்கைக்குப் பின்னால் தலையணை ஏதும் இருந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வின்ச் ஆபரேட்டரிடம் அவர் எப்போது விசையைக் குறைத்தார் என்று கேட்பார்கள்.

இத்தனைக்கும் விடை வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். விபத்து நடந்த அன்று மாலைச் செய்தியில் வருவது, மைதானத்தில் நின்ற ஒருவர் தன் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னது மட்டும்தான், அவர் பார்த்தது பெரும்பாலும் கடைசி 2 நொடியை.